சைக்கிள் கேள்வி–பதில்: பெயின்ட் டப்பாவைத் தள்ளி வையுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து. பெரிய வீடுகளைப் பங்காளிகள் கூடி ஒதுக்குகிற காலம் போலிருக்கிறது, அறையைத் திறந்தால் மூலையில் ஒரு சைக்கிள் நிற்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருப்பதால், இந்த இதழ் முழுக்கப் பழைய இரும்பு சைக்கிளுக்கே.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டுச் சாமான் அறையில் ஒரு ரேஸ் சைக்கிள் கிடைத்தது. ஹேண்டில் பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கிறது, செயினை மாற்றிப் போடுகிற கியரும் உண்டு. ஐயா சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டு வந்தது என்று அப்பத்தா சொல்கிறார்கள். லண்டனில் படித்தபோது வாங்கியது என்று பெரியப்பச்சி சொல்கிறார்கள். கதவுக்கு அடித்து மீந்த பச்சை எனாமலை யாரோ அதன் மேலும் அடித்துவிட்டதால் பெயரே தெரியவில்லை. மணல் வீசித் துருவை எடுத்துப் பவுடர் கோட்டிங் போட்டால் புதுசாகிவிடும் என்கிறார்கள் ஒரு பட்டறையில். செய்யலாமா? இது என்ன சைக்கிள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், காரைக்குடி

பதில்: செய்யாதீர்கள். இப்போதைக்கு அந்தப் பட்டறைப் பக்கமே போக வேண்டாம். மணலை வீசினால் பச்சை எனாமல் மட்டும் போகாது, அதற்கு அடியில் இருக்கிற தொழிற்சாலைப் பெயின்ட், ஸ்டிக்கர், கையால் இழுத்த மெல்லிய கோடுகள் எல்லாம் சேர்ந்து போய்விடும். நல்ல ரேஸ் சைக்கிளின் குழாய்ச் சுவர் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதில் கேட்டுக்கும் கிராதிக்கும் வீசுகிற வேகத்தில் மணலை வீசக்கூடாது. பவுடர் கோட்டிங் கனமாகப் படிந்தால் பிரேமில் குத்தியிருக்கிற எண்ணும் மூடிப்போகும். நீங்கள் கேட்கிற கேள்விக்கு விடை அந்த அடுக்குகளிலும் எண்களிலும்தான் இருக்கிறது. அதை அழித்துவிட்டு அப்புறம் யாரிடம் கேட்பது?

முதலில் சைக்கிளை ஒரு பழைய ஜமுக்காளத்தின் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். பெடல் அச்சு ஓடுகிற உருளையை (கடையில் பி.பி. என்பார்கள்) அடியில் பாருங்கள். மண்ணும் கிரீசும் கட்டியாகப் பிடித்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் எண் தெரிய ஆரம்பிக்கும். கம்பி பிரஷ் வேண்டாம். பெயின்ட் மூடியிருந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நேராகப் பார்க்கும்போது தெரியாத பள்ளங்கள் நிழலாக எழுந்து வரும். ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் எழுத்து பதியும். அங்கே இல்லையென்றால் சீட் குழாயின் மேல் நுனி, பின்சக்கர அச்சு உட்காருகிற தகடு, இந்த இரண்டு இடங்களிலும் தேடுங்கள். எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், படமும் எடுங்கள். எண் கிடைத்தாலே எல்லாம் தெரிந்துவிடாது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எண் போட்டது, ஒரே கம்பெனியே காலத்துக்கு ஒரு முறை மாற்றியது. இங்கிலாந்துக் கம்பெனியான ராலேயில் 1970-களின் நடுவில் வந்த முறை எளிது: முதல் எழுத்து தொழிற்சாலை, ‘என்’ என்றால் நாட்டிங்காம், ‘டபிள்யூ’ என்றால் வொர்க்சாப், இரண்டாவது எழுத்து மாதத்தைக் குறிக்கும், அடுத்து வரும் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். வொர்க்சாப் என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். அது ராலே 1960-ல் வாங்கிய கார்ல்டன் பட்டறை, நல்ல ரேஸ் சைக்கிள்கள் அங்கேதான் செய்தார்கள்.

அடுத்தது பின் அச்சுத் தகடு. தட்டையான மெல்லிய தகட்டை வெட்டிச் சொருகியிருந்தால் அது நடுத்தர விலை சைக்கிள். கனமாக அடித்து உருவாக்கிய துண்டாக இருந்து, கியர் மாட்டுகிற காதும் அதோடு ஒன்றாக இருந்து, ஓரத்தில் காம்பன்யோலோ என்று சின்ன எழுத்தில் பெயரும் இருந்தால், நீங்கள் வைத்திருப்பது சாதாரண சைக்கிள் அல்ல. இத்தாலியில் டூலியோ காம்பன்யோலோ தொடங்கிய கம்பெனி அது. சக்கரத்தை ஒரே நெம்பில் கழற்றுகிற குயிக் ரிலீசைக் கொண்டு வந்தவர் அவர்தான்.

பிறகு பாகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய சைக்கிளின் பிறந்த வருடத்தைச் சொல்ல இத்தனை சாட்சிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட் பின் கியராக இருந்தால் அதன் மேலேயே பேட்டன்ட் என்று போட்டு 72, 74 என்று இரண்டு இலக்கம் இருக்கும், ஏறக்குறைய அந்த வருடத்துச் சரக்கு. ஷிமானோ என்றால் பாகத்தின் பின்பக்கம் இரண்டு ஆங்கில எழுத்து குத்தியிருக்கும்: முதலெழுத்து வருடம், ‘ஏ’ 1976, ‘பி’ 1977 என்று போகும், இரண்டாவது எழுத்து மாதம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் சிம்ப்ளெக்ஸ் என்று இருந்தால் பிரான்ஸ் சரக்கு. அந்தப் பிளாஸ்டிக் வயதானால் வெடிக்கும், முறுக்காமல் கழற்றுங்கள். பிரேக் கேபிள் லிவரின் தலையிலிருந்து வளைந்து வெளியே வருகிறதா, ஹேண்டில் டேப்புக்கு அடியில் ஒளிந்து போகிறதா? வெளியே வந்தால் பெரும்பாலும் 1980-களின் நடுப்பகுதிக்கு முன்னால். பின்னால் பல்சக்கரம் எத்தனை? ஐந்து என்றால் எழுபதுகள் அல்லது அதற்கு முன். ஆறு, ஏழு என்றால் பிந்தியது. கேபிள் கிளிப்பும் கியர் லிவரும் பட்டை போட்டுத் திருகியிருந்தால் பழசு, குழாயிலேயே பற்ற வைத்த குமிழ்களில் உட்கார்ந்திருந்தால் புதுசு. ஒரே ஒரு சாட்சியை நம்பி முடிவு கட்டாதீர்கள். சக்கரமும் கியரும் மாறியிருக்கலாம், பிரேம் மாறாது. மூன்று நான்கு பாகங்கள் ஒரே காலத்தைச் சொன்னால் அதுதான் வருடம்.

குழாய் எந்த உருக்கு என்பதுதான் பலருடைய ஆசைக்கேள்வி. இங்கிலாந்து சைக்கிள் என்றால் சீட் குழாயின் மேல்பாதியில் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த அந்தக் குழாயை பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் 1935-ல் கொண்டு வந்தது, அடுத்த நாற்பது வருடம் நல்ல ரேஸ் சைக்கிள் என்றாலே அதுதான் பேச்சு. ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். சிலவற்றில் எல்லாக் குழாயும் 531, சிலவற்றில் மூன்று பெரிய குழாய் மட்டும். உங்கள் சைக்கிளில் ஸ்டிக்கர் பச்சை எனாமலுக்கு அடியில் இருக்கலாம். கீழே தேய்க்காமல் அடித்த வீட்டுப் பெயின்ட் தொழிற்சாலையில் சூளையில் சுட்ட பெயின்ட்டோடு சரியாக ஒட்டியிருக்காது, அது உங்களுக்கு நல்லது. முடி காய வைக்கிற டிரையரால் லேசாகச் சூடு காட்டி, பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் தள்ளிப் பாருங்கள், ஏடு ஏடாகப் பெயரும். முதலில் பி.பி.க்கு அடியில் ஒரு சிறு இடத்தில் சோதித்துவிட்டு அப்புறம் மேலே வாருங்கள். தின்னர் தொடவே கூடாது, பச்சை கரைவதற்கு முன் ஸ்டிக்கர் கரைந்துவிடும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், எனவே உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் முற்றத்தில் வைத்துச் செய்யவே வேண்டாம்.

ஸ்டிக்கரே இல்லையா? சீட்டைத் தாங்குகிற கம்பியான சீட் போஸ்ட்டை உருவி வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். 27.2 மி.மீ. என்றால் குழாய்ச் சுவர் மெல்லியது, நல்ல உருக்காக இருக்க வாய்ப்பு அதிகம். 25.4, 26 என்று இறங்கினால் சுவர் கனம் என்று அர்த்தம். போஸ்ட் அசையவில்லை என்றால் அடிக்காதீர்கள். அலுமினியம் போஸ்ட் இரும்புக் குழாய்க்குள் வருடக்கணக்கில் நின்றால் இரண்டும் பற்றிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்து விட்டு, நாலைந்து நாள் விட்டு விட்டு ஊற்றி, சீட்டை மாட்டி இரண்டு கையாலும் இடவலமாகத் திருப்புங்கள். பொறுமைதான் இதற்குக் கருவி.

சிங்கப்பூரா லண்டனா என்ற உங்கள் வீட்டு வழக்கு பிரேமின் பெயரால் தீராது, ஏனென்றால் இங்கிலாந்து சைக்கிள்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கப்பல் கப்பலாகப் போயின. தீர்த்து வைப்பது விற்ற கடையின் சின்ன ஸ்டிக்கர்: சீட் குழாயின் அடிப்பக்கம் அல்லது பின் மட்கார்டில் கடைப்பெயரும் ஊரும் இருக்கும். அதனால்தான் அந்தப் பச்சையை அவசரப்பட்டு உரிக்க வேண்டாம் என்கிறேன். ஊருக்கு வந்த பிறகு ஓட்டினார்களா என்பதற்கும் சாட்சி உண்டு. சைக்கிளுக்கு நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ வருடாவருடம் லைசென்ஸ் வாங்கித் தகர வில்லை மாட்டிய காலம் அது. ஹேண்டிலிலோ முன் போர்க்கிலோ வில்லை தொங்கினால் கழற்றித் துடைத்துப் பாருங்கள், வருடம் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பத்தாவிடமும் பெரியப்பச்சியிடமும் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள், பழைய கப்பல் ரசீது பெட்டகத்தில் இருந்தாலும் இருக்கும்.

செலவு செய்யும் முன் பிரேம் நேராக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். முன் கழுத்துக் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். சின்னப் புடைப்போ சுருக்கமோ தட்டுப்பட்டால் முன்னால் எதிலோ மோதிய சைக்கிள். அப்புறம் நூல் சோதனை: பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பக்க அச்சுத் தகட்டில் நூலைக் கட்டி, முன் கழுத்தைச் சுற்றிக் கொண்டு வந்து மறுபக்கத் தகட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் பயமில்லை, இரும்பு என்பதால் விவரம் தெரிந்தவர் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்திவிடுவார். இந்த இரண்டு சோதனையும் தேறிவிட்டால் கிரீஸ், பால்ரஸ், கேபிள், பிரேக் கட்டை, டயர், டியூப் மாற்றி, சக்கரத்தின் கோட்டம் எடுத்து ஓட்டுங்கள். பெயின்ட் கடைசி. பல சைக்கிளுக்கு அது வேண்டியதே இல்லை.

கேள்வி: அப்பச்சியின் ராலே சைக்கிள் எங்களிடம் இருக்கிறது. கம்பி பிரேக், பின்சக்கரத்தின் நடு உருளையான ஹப்பில் மூன்று கியர். இது இங்கிலாந்தில் செய்ததா, இங்கேயா? கியர் நடுவில் வழுக்குகிறது, பெடல் சுற்றுகிறது, வண்டி போகவில்லை. ஹப்பையே மாற்றிவிடலாம் என்கிறார் கடைக்காரர்.
— வாசகி, தேவகோட்டை

பதில்: ஹப்பை மாற்ற விடாதீர்கள். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் அந்த ஹப் உங்கள் சைக்கிளின் உயிர். பெரும்பாலும் அது ஏ.டபிள்யூ. என்ற ரகம், 1936-லிருந்து செய்தது, உள்ளே பல்சக்கரங்கள் கிரகம் சுற்றுவதுபோல் சுற்றும், கெட்டுப்போவது அரிது. ஹப்பின் நடு உடலைத் துடைத்துப் பாருங்கள். ரகத்தின் எழுத்துகளோடு இரண்டு எண் இருக்கும், உதாரணமாக 58, 11 என்றால் 1958 நவம்பரில் செய்தது. சைக்கிளும் அநேகமாக அதே வருடம் அல்லது அதற்கு அடுத்தது, சக்கரம் மாற்றாமல் இருந்தால்.

வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் கேபிள் அளவு தவறியதுதான். லிவரை நடுக் கியரில் வையுங்கள். பின் அச்சின் வலது பக்கத்து நீள நட்டில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதன் வழியே பார்த்தால் குட்டிச் செயினோடு சேர்ந்த கம்பி உள்ளே போவது தெரியும், அந்தக் கம்பியின் தோள் அச்சின் நுனியோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தாலோ வெளியே துருத்தியிருந்தாலோ, செயினை அடுத்து இருக்கும் திருகு உருளையைச் சுற்றிச் சரிசெய்து, சின்ன நட்டை இறுக்குங்கள். கையாலேயே செய்யலாம். ஹப்பில் ஒரு சின்ன மூடி இருக்கும், திறந்து மெல்லிய மெஷின் ஆயில் ஒரு தேக்கரண்டி விடுங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வேண்டாம், நாளடைவில் கோந்தாக இறுகிவிடும். உள்ளே கிரீஸ் அடைக்கவும் கூடாது. எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு ஓட்டிப் பாருங்கள், உள்ளே பல்லைப் பிடிக்கிற நாய்க்கட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் இளகித் தானே பிடிக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: சரிசெய்யும் வரை எழுந்து நின்று மிதிக்க வேண்டாம், வழுக்கினால் கம்பியில் போய் விழ நேரும்.

எங்கே செய்தது என்பதற்கு முன் கழுத்தில் ஆணி அடித்த நாரை முத்திரையைப் பாருங்கள். நாட்டிங்காம், இங்கிலாந்து என்று இருந்தால் அங்கே செய்தது. 1950-களின் தொடக்கத்திலிருந்து மேற்கு வங்கத்தில் ஆசன்சோலில் சென்-ராலே கம்பெனி இங்கேயே ராலே செய்தது, அதன் முத்திரையில் இந்தியா என்று இருக்கும். சென்-ராலே என்றால் மட்டம் என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அரை நூற்றாண்டு மண் ரோட்டில் ஓடி நேராக நிற்கிற பிரேமைப் பார்த்து மட்டம் என்று எப்படிச் சொல்வது? போக் கம்பியை எண்ணினால் ஊர் தெரிந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தால் அது உதவாது. முன்னால் 32, பின்னால் 40 என்பது இங்கிலாந்து வழக்கம்தான், ஆனால் அதையே நம் ஊர் சைக்கிளும் பிடித்துக்கொண்டது.

கேள்வி: பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு ஹெர்குலிஸ் பார்த்தேன். 1940-ல் இங்கிலாந்திலிருந்து வந்தது, ஒரிஜினல் என்று பெரிய விலை சொல்கிறார்கள். எதை வைத்து நம்புவது?
— வாசகர், புதுவயல்

பதில்: வயதை வாயால் சொல்வதை விட்டுவிட்டு முத்திரையைப் படியுங்கள். ஹெர்குலிஸ் பர்மிங்காம் கம்பெனி. இங்கே ஹெர்குலிஸ் செய்தது சென்னை அம்பத்தூரில், டி.ஐ. சைக்கிள்ஸ், முதல் சைக்கிள் வெளியே வந்தது 1951-ல். இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டு வைத்து அதைத் தொடங்கிய முருகப்பா குடும்பம் உங்கள் பக்கத்துப் பள்ளத்தூர்தான், ஆகவே உங்கள் பகுதியில் அம்பத்தூர் ஹெர்குலிஸ் கிடைத்தால் அது தனிப் பெருமை, அதை இங்கிலாந்து என்று சொல்லி விற்க வேண்டிய அவசியமே இல்லை. முத்திரையிலோ பெல்லிலோ செயின் கவரிலோ இந்தியா என்று இருந்தால் 1940 என்பது நடக்காது.

இன்னும் கொஞ்சம் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பல்சக்கரத்தின் வெட்டு வேலையில் கம்பெனி அடையாளம் இருக்கும். பி.எஸ்.ஏ. என்றால் அந்த மூன்று எழுத்து, ஹம்பர் என்றால் ஓடுகிற ஐந்து மனிதர்கள், ராலே என்றால் நாரை. துப்பாக்கி செய்த கம்பெனி என்பதால் பி.எஸ்.ஏ. முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும். ரட்ஜ் என்றால் உள்ளங்கை. பல்சக்கரம் ஒரு பெயர், முன் முத்திரை இன்னொரு பெயர், முத்திரையின் ஆணித் துளைகளுக்குப் பக்கத்தில் பழைய துளை அடைத்த தடம் என்று இருந்தால், பல சைக்கிள்களிலிருந்து சேர்த்தது. சேர்த்தது என்பதால் வாங்கக்கூடாது என்றில்லை, ஓட்டுவதற்கு அருமையாக இருக்கும். ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: குரோமில் துரு. குத்துவிளக்குக்குப் போடுகிற புளியையே இதற்கும் போடலாமா? கக்கூஸ் ஆசிட் போட்டால் உடனே போகும் என்கிறார்கள்.
— வாசகி, கோட்டையூர்

பதில்: கக்கூஸ் ஆசிட் கூடவே கூடாது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் தின்னும், அதன் ஆவியே பக்கத்தில் இருக்கிற மற்ற இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். புளியில் டார்டாரிக் அமிலம் இருப்பதால் மேலோட்டமான துரு போகும், தப்பில்லை, ஆனால் சக்கையும் இனிப்பும் மூலைகளில் தங்கினால் ஈரத்தை இழுக்கும், நன்றாக அலச வேண்டும்.

குரோமுக்கு அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, துருப்பிடித்த ரிம்மில் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருது, கீறாது. கறுப்பாக ஒரு குழம்பு கிளம்பும், துணியால் துடைத்தால் அடியில் பளபளப்பு இருக்கும். குரோம் உரிந்தே போன இடம் திரும்பாது, அங்கே துருவை எடுத்துவிட்டு மெழுகு தேய்த்து வையுங்கள். கழற்றிய நட்டு, போல்ட்டு, பெடல் கூடு மாதிரி சின்ன இரும்புச் சாமான்களுக்கு ஆக்சாலிக் அமிலம்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 25 கிராம், ஒரு ராத்திரி ஊற வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். அது விஷம், கையுறை வேண்டும், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், துத்தநாகம் பூசிய சாமானையும் அலுமினியத்தையும் அதில் போடாதீர்கள். துரு, மின்முலாம் இரண்டையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நீங்கள் எல்லாம் சிக்ரி என்று சொல்வது, 1953-லிருந்து காரைக்குடியில்தான் இருக்கிறது. வேதியியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அலுமினியத் தாள் ஏன் வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சொல்லும்.

கேள்வி: பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறோம். முகப்பில் சுவரில் மாட்ட தாத்தா காலத்து பி.எஸ்.ஏ. சைக்கிளைத் தங்க நிறம் அடிக்க நினைக்கிறோம். எந்தப் பெயின்ட் நல்லது?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: எந்தப் பெயின்ட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். ஆத்தங்குடிக் கல்லின் மேல் நீங்கள் தங்க நிறம் பூசுவீர்களா? தேக்குத் தூணின் பழைய மெருகைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள், அதே வயதுள்ள கறுப்புப் பெயின்ட் இதில் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு கரைத்துத் துணியால் துடைத்து, காய்ந்ததும் கார் மெழுகு போட்டால் கறுப்பின் ஆழம் வெளியே வரும், தங்கக் கோடு மிச்சமிருந்தால் அதுவும் தெரியும். மாட்டியே ஆக வேண்டுமானால் டயரில் காற்று வைத்து, எடை பிரேமில் விழும்படி மாட்டுங்கள். என்னைக் கேட்டால் கீழே இறக்கி ஓவராயில் செய்து விருந்தாளிகளிடம் கொடுங்கள். விடிகாலையில் கானாடுகாத்தான் தெருக்களில் அந்தச் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய் வருகிறவர் உங்கள் வீட்டை மறக்க மாட்டார்.

கேள்வி: ரேஸ் சைக்கிளுக்கு 27 இஞ்சு டயர் கேட்டால் 28 எடுத்துக் கொடுக்கிறார்கள், ஏறவே இல்லை.
— வாசகர், அரியக்குடி

பதில்: ஏறாது. டயரின் பக்கவாட்டில் இன்னொரு எண் இருக்கும், அதுதான் ரிம்மில் உட்காருகிற விட்டம், மில்லிமீட்டரில். நம் ஊர் 28 × 1½ டயர் 635, உங்கள் 27 × 1¼ என்றால் 630, இப்போதைய ரேஸ் சைக்கிளின் 700 சி என்பது 622. பெயரைப் பார்க்காமல் 630 என்று கேட்டு வாங்குங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. சக்கரத்தையே 700 சி-க்கு மாற்றுவதானால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும், உங்கள் பிரேக்கில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ரிம் குரோம் இரும்பாக இருந்தால் (காந்தம் ஒட்டும்) மழையில் பிரேக் ஏறக்குறையப் பிடிக்கவே பிடிக்காது. ஓட்டுகிற சைக்கிள் என்றால் அலுமினிய ரிம்முக்கு மாறுவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், பழைய ரிம்மைத் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள்.

கேள்வி: பெடல் கையான கிராங்கை அச்சோடு பூட்டுகிற காட்டர்பின்னைச் சுத்தியலால் அடித்து அடித்துத் தலை நசுங்கிவிட்டது, வெளியே வரவில்லை. பி.பி.யில் பால்ரஸ் ஓடுகிற கப்பும் தேய்ந்திருக்கிறது, உள்ளூர்க் கப்பு மாட்டலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் தாங்கு இல்லாததுதான் கோளாறு. தரையில் நேராக நிற்கிற ஒரு கனத்த இரும்புக் குழாய்த் துண்டைக் கிராங்குக்கு முட்டுக் கொடுங்கள், காட்டர்பின் அந்தக் குழாய்க்குள் இறங்குகிற மாதிரி. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே பால்ரஸில் இறங்கிக் கப்பில் பள்ளம் விழும். அடிக்கும் முன் நட்டை முழுதும் கழற்றாமல் நுனியோடு சமமாக விட்டிருந்தால் மரை நசுங்கியிருக்காது. உங்களுக்கு அது தாண்டிவிட்டது, இனி எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டு லேத் பட்டறையில் கொடுத்துத் துளையிட்டு எடுப்பதுதான் வழி. புதுப் பின் இங்கிலாந்து சைக்கிளுக்குப் பெரும்பாலும் 9.5 மி.மீ., பழையதைக் கையோடு கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது.

கப்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். நாட்டிங்காம் ராலேயில் பி.பி. மரை இஞ்சுக்கு 26, மற்ற இங்கிலாந்து சைக்கிள்களில் 24. கடையில் கிடைக்கிற 24 மரைக் கப்பை ராலேயில் முறுக்கி ஏற்றினால் இரண்டு சுற்றுப் போகும், அப்புறம் பிரேமின் மரையே அழிந்துவிடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. பழைய கப்பை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள், பால்ரஸ் ஓடுகிற தடம் பளபளவென்று வழவழப்பாக இருந்தால் அதையே போடலாம், குழிகள் இருந்தால்தான் மாற்ற வேண்டும். பக்கத்துக்கு 11, கால் இஞ்சு பால்ரஸ், எல்லாம் புதிது, ஒரே பாக்கெட்டிலிருந்து. செயின் பக்கத்துக் கப்பு இடமரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்; இடது பெடலும் அப்படித்தான். கழற்றுகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.